இறக்கத்தில் காக்கும் சுவிச்

மாத்தளை மாவட்டத்தில் கலேவெலைப் பக்கமாக அமைந்துள்ள வஹகோட்டை என்னும் சிற்றூரை நம்மவரில் பலர் புனித அந்தோனியார் ஆலயத்தின் பெயராலேயே அறிவர். கண்டி மன்னர் காலத்தில் அங்கே குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்களால் நிலைபெற்ற கத்தோலிக்க ஊர் அது. ஆயினும் ஜூன் மாதத் திருவிழாவுக்கு வருவோரில் சைவரும் உண்டு, பௌத்தரும் உண்டு. நேர்த்திக்கடனுக்குச் சமயம் ஒரு தடையாக நின்றதை நான் மலைநாட்டில் கண்டதில்லை. என் மனைவியும் அப்படி ஒரு நேர்த்தி வைத்திருந்தபடியால், சில ஆண்டுகளுக்கு முன் திருவிழாவுக்கு முதல்நாள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மாத்தளையிலிருந்து அங்கே சென்றோம்.

ஆலயத்துக்குச் சற்று இப்பால் ஒரு மரநிழலில் பெரிய பஸ் வண்டி ஒன்று நின்றது. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து யாத்திரிகர்களை ஏற்றி வந்த வாடகை வண்டி. சாரதியின் ஆசனத்துக்குக் கீழே தலையை நுழைத்தபடி வயர் வேலை செய்யும் பாஸ் ஒருவர் கிடந்தார். சாரதி அருகே நின்று கைவிளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். பௌதிகம் கற்பிப்பவனுக்கு இப்படியான காட்சியைக் கண்டு சும்மா நடந்துபோக முடிவதில்லை.

“வண்டிக்கு என்ன வந்தது, அண்ணே?” என்று கேட்டேன்.

“வண்டிக்கு ஒன்றும் வரவில்லை, மாஸ்டர். எங்களுக்குத்தான் வரப் பார்த்தது,” என்றார் அவர்.

அன்று காலை இறம்பொடை இறக்கத்தில் நடந்ததை அவர் சொன்னார். வழக்கம்போல எக்ஸோஸ்ட் பிரேக் சுவிச்சைப் போட்டுக்கொண்டு, தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்கி வந்திருக்கிறார். ஒரு வளைவுக்கு முன்னால் இன்னும் ஒரு கியர் குறைக்க எண்ணிக் கிளட்சை மிதித்ததும் எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிட்டது. எஞ்சின் நின்றதும் ஸ்டியரிங்குக்கு உதவி செய்யும் எண்ணெய்ப் பம்பும் நின்றது. சக்கரம் கல்லாகக் கனத்தது. பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கொம்பிரசரும் நின்றது. தாங்கியில் ஏற்கெனவே இருந்த காற்றைத் தவிர வேறு துணை இல்லை. உள்ளே குழந்தைகளும் கிழவிகளுமாக ஐம்பது பேர் இருந்தார்கள். அவர் உடல் பலம் முழுவதையும் கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பி, வண்டியை மலைப்பக்கத்து வடிகாலில் சாய்த்து நிறுத்தினார். மறுபக்கம் பள்ளம். அதைச் சொல்லும்போது அவருடைய கையிலிருந்த விளக்கு கொஞ்சம் ஆடியது.

இங்கே வாசகர்களுக்கு அந்தக் கருவியை விளக்கவேண்டும். நம் மலைப் பாதைகளில் ஓடும் லொறிகளிலும் பஸ்களிலும் பெரும்பாலானவற்றில் அது உண்டு; உள்ளே அமர்ந்திருக்கும் நம்மில் எத்தனை பேர் அதை அறிவோம்?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றரில். ஆட்களோடு 10 தொன் நிறையுள்ள ஒரு வண்டி அந்த 1,300 மீற்றரையும் இறங்கும்போது, ஏறுகையில் அது சேமித்துக்கொண்ட சக்தி முழுவதும் எங்கேயாவது போயாக வேண்டும். மேல் வகுப்பு மாணவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: ஏறத்தாழ 127 மெகாயூல் வரும். 400 லீற்றர் தண்ணீரை, அதாவது இரண்டு பீப்பாயை, பச்சைத் தண்ணீர் நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. கால் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் இந்த வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக் உருளைகளிலும் லைனரிலும் போய்ச் சேரும். அவை அளவுக்குமேல் காய்ந்தால் லைனர் தன் பிடியை இழக்கும். உருளையும் விரிந்து லைனரை விட்டு விலகும். சாரதி மிதிப்பார், மிதி கீழே போகும், வண்டியோ நிற்காது. “பிரேக் அறுந்துவிட்டது” என்று பத்திரிகைச் செய்தி வரும். உண்மையில் பல வேளைகளில் ஒன்றும் அறுந்திருக்காது. சூடேறிய பிரேக் சோர்ந்துபோயிருக்கும். ஒரு மணித்தியாலம் ஆறவிட்டால் மீண்டும் பிடிக்கும்.

ஆகவே அந்த வெப்பத்தை வேறு வழியில் வெளியே அனுப்பவேண்டும். அந்த வழி எஞ்சினேதான். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்பது நம் மலைநாட்டுச் சாரதிகளுக்குத் தெரிந்த பாடம். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற, எஞ்சின் அவற்றைப் பின்னிழுக்கும். ஆனால் டீசல் எஞ்சினுக்கு இதில் ஒரு குறை உண்டு. பெற்றோல் எஞ்சினில் அக்சிலேற்றரை விட்டதும் காற்றுப் புகும் வாயில் மூடிக்கொள்ள, பிஸ்டன்கள் வெறுமையை எதிர்த்து இழுக்கவேண்டியிருக்கும். அதனால் வண்டி இயல்பாகவே தளரும். சாதாரண டீசல் எஞ்சினில் அத்தகைய வாயில் இல்லை. காற்று தாராளமாகப் புகும். பிஸ்டன் அதை நெருக்கும். நெருக்கிய காற்று மறுகணம் பிஸ்டனைத் திரும்பத் தள்ளும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக் கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். கையை விட்டதும் கைப்பிடி துள்ளி மேலே வரும். செலவழித்த பலத்தில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. வேகத்தைத் தின்னவேண்டிய எஞ்சின், தின்றதைக் கக்கிவிடுகிறது.

இந்தக் குறையைத் தீர்க்க இரண்டு உபாயங்கள் கண்டார்கள். ஒன்று, புகைக்குழாயின் நடுவே வட்டத் தகட்டுக் கதவொன்றை வைத்தல். வண்ணத்துப்பூச்சியின் சிறகுபோல் நடு அச்சில் திரும்பும் அக்கதவு மூடிக்கொண்டால், வெளியேற இடமின்றிக் குழாய்க்குள் காற்று நெருங்கி, வளிமண்டல அமுக்கத்தின் மூன்று நான்கு மடங்குக்கு ஏறும். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே பிஸ்டன்கள் வண்டியின் வேகத்தைக் கரைக்கும். நம் நாட்டு வண்டிகளில் காண்பது பெரும்பாலும் இதுவே.

மற்றையது இன்னும் நுட்பமானது: எஞ்சினின் தலையிலுள்ள புகை வால்வுகளையே வேண்டிய கணத்தில் திறப்பது. பிஸ்டன் காற்றை முழுவதும் நெருக்கி மேலே வந்த தறுவாயில் வால்வு சற்றே திறக்கும். நெருங்கிய காற்று வெடிப்போசையுடன் வெளியே போய்விடும். பிஸ்டனைத் திரும்பத் தள்ள எதுவும் மிஞ்சாது. இதன் பிறப்புக்குக் காரணமும் ஓர் இறக்கந்தான். அமெரிக்காவில் டீசல் எஞ்சின் செய்த கிளெசி கமின்ஸ் என்பவர் 1931ஆம் ஆண்டு தம் எஞ்சின் பூட்டிய லொறியில் நாட்டைக் குறுக்கே கடந்து செல்கையில், கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் பிரேக்குகள் கைவிட்டன. அடிவாரத்தில் ரயில் கடவையில் சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி கடந்த மறுகணம் லொறி தண்டவாளத்தைத் தாண்டியது; மயிரிழையில் தப்பினார்கள். அந்தப் பயம் அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. ஓய்வுபெற்ற பின் 1950களில் அவர் வகுத்த கருவியை, துளைக்கருவிகளின் பிடிகளைச் செய்துவந்த ஜேக்கப்ஸ் கம்பனி 1961இல் சந்தைக்குக் கொண்டுவந்தது.

எந்த உபாயமாயினும், சாரதியின் கைக்கு எட்டுவது ஒரு சிறு சுவிச் மட்டுமே. பாடநூலில் நாம் ஆளி என்கிறோமே, அதுதான். இறம்பொடையில் நடந்ததன் மர்மமும் அதன் வயரிங்கிலேதான் இருந்தது.

பற்றரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் முதலில் ஓர் உருகியைக் கடந்து, ஸ்டியரிங் அருகே உள்ள சுவிச்சுக்கு வருகிறது. அங்கிருந்து நேராகக் கதவுக்குப் போவதில்லை. அக்சிலேற்றர் மிதியில் ஒரு சுவிச், கிளட்ச் மிதியில் மற்றொரு சுவிச். இரண்டிலிருந்தும் கால் எடுக்கப்பட்டிருந்தால் மாத்திரமே இரண்டும் மூடியிருக்கும்; கால் பட்டதும் திறந்துகொள்ளும். இவற்றையும் தாண்டிய பின்னரே மின்னோட்டம் ஒரு வரிச்சுருளை அடைந்து, காற்றுத் தாங்கியின் வால்வைத் திறக்கிறது. அந்தக் காற்று சென்று புகைக்குழாய்க் கதவை இழுத்து மூடுகிறது. எல்லாம் தொடராக இணைக்கப்பட்டவை. மூன்றில் ஒன்று திறந்தாலும் மின்னோட்டம் அறுந்து, வில்லின் விசையால் கதவு தானாகத் திறந்துவிடும். உருகி எரிந்தாலும், வயர் அறுந்தாலும் கதவு திறந்தே கிடக்கும். பழுதானால் எந்தப் பக்கம் பழுதாக வேண்டும் என்பதையும் எண்ணிச் செய்தவர்களை நாம் மெச்சவேண்டும்.

கிளட்சுக்கு ஏன் ஒரு சுவிச்? கிளட்சை மிதித்ததும் எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பு விட்டுப்போகிறது. அதுவரை எஞ்சினைச் சுழற்றிவந்தவை சக்கரங்கள். அவை கைவிட்டபின், புகைக்குழாயும் அடைபட்ட எஞ்சின் எப்படி ஓடும்? மூச்சடைத்து நிற்கும். கிளட்சில் கால் வைத்த அக்கணமே கதவைத் திறந்துவிடுவதற்காகவே அந்தச் சுவிச்.

வஹகோட்டையில் அந்தப் பாஸ் கண்டுபிடித்தது இதைத்தான். கிளட்ச் சுவிச் இருந்த இடத்தில் சுவிச்சே இல்லை. அதற்கு வந்த இரண்டு வயர்களும் ஒன்றாக முறுக்கி, மேலே கறுப்பு நாடா சுற்றப்பட்டிருந்தன. இரண்டு மாதத்துக்கு முன் எங்கோ ஒரு கராஜில் பழுதான சுவிச்சைக் கழற்றிவிட்டு, “இப்போதைக்கு” என்று நேரே இணைத்தார்களாம். சமதரையில் அந்தப் பிழை வெளியே தெரியவில்லை. இறக்கத்திலும் கிளட்சைத் தொடாதவரை எக்ஸோஸ்ட் பிரேக் முன்போலவே வேலை செய்தது. வேலை செய்கிறதென்பதே அவரை ஏமாற்றிவிட்டது.

பாஸ் அந்த முறுக்கைப் பிரித்து நாடாவை உரித்து எறிந்தார். புதுச் சுவிச்சைக் கலேவெலையில் வாங்கி வர ஓர் இளைஞனை மோட்டார் சைக்கிளில் அனுப்பியிருந்தார்கள். காத்திருந்த வேளையில் சாரதி என்னிடம் சொன்னவை சில எழுதத்தக்கன. டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று இறக்கத்தில் நியூற்றலில் விடுவோர் இன்னும் இருக்கிறார்களாம். இது உயிரோடு விளையாடுவது மட்டுமன்று, கணக்கும் பிழை. கியரில் இறங்கும்போது எஞ்சினைச் சக்கரங்களே சுழற்றுவதால், அக்சிலேற்றரிலிருந்து கால் எடுபட்டதும் டீசல் பாய்வது நின்றுபோகும். நியூற்றலிலோ எஞ்சின் தன்பாட்டில் ஓடுவதற்கு டீசல் வேண்டும். நியூற்றலில் எக்ஸோஸ்ட் பிரேக்கும் பயனற்றது. எஞ்சின் கெட்டுவிடும் என்று அஞ்சிச் சுவிச்சைத் தொடாமலே இருப்போரும் உண்டாம். சரியாக அமைந்த கருவியால் எஞ்சினுக்குக் கேடில்லை. ஒன்று மட்டும் கவனிக்கவேண்டும்: பின்னிழுக்கும் விசை எஞ்சின் செலுத்தும் சக்கரங்களிலேயே விழுவதால், மழையில் வழுக்கும் பாதையில் அந்தச் சக்கரங்கள் சறுக்கக்கூடும், அப்போது சுவிச்சை எடுத்துவிட வேண்டும்.

இந்தச் சம்பவத்தை வகுப்பில் சொன்னபோது மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், என் அண்ணாவின் காரிலும் இப்படி ஒரு சுவிச் பூட்டியிருக்கிறார்; அழுத்தினால் சத்தம் வரும்,” என்றான். வகுப்பே சிரித்தது. அதுவும் புகைக்குழாயில் ஒரு கதவுதான். ஆனால் அது திறந்தால் புகை சத்தந்தணிப்பானைச் சுற்றிக்கொண்டு நேரே வெளியேறும். சில விலையுயர்ந்த கார்களில் தயாரிப்பாளரே இதை அமைத்து, எஞ்சினின் வேகத்துக்கு ஏற்பத் தானாகத் திறக்கச் செய்கிறார்கள். நம் இளைஞர்களோ கடையில் வாங்கிய கதவைப் பூட்டி, உருகியும் வைக்காமல் பற்றரியிலிருந்து வயரை இழுத்து, காய்ந்து கிடக்கும் குழாயை ஒட்டியே கட்டிவிடுகிறார்கள். உறை உருகினால் வயர் வண்டியின் உடலில் பட்டுத் தீப்பற்றலாம். வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் முன்னால் அந்தச் சத்தம் எழுப்பும் தொல்லையை நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணாவிடம் முதலில் உருகி இருக்கிறதா என்று கேட்கும்படி மாணவனிடம் சொன்னேன். இல்லையாம்.

2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து பதினைந்து பேர் மாண்ட செய்தியைப் படித்தபோது அந்த மரநிழல்தான் என் நினைவுக்கு வந்தது. அந்த விபத்தின் காரணத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் சுற்றுலாவுக்கும் யாத்திரைக்கும் வண்டி பேசும் குடும்பத்தார், கட்டணத்தைப் பேசுமுன் எக்ஸோஸ்ட் பிரேக்கைக் கடைசியாக யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள் என்று சாரதியிடம் கேட்கலாம். நல்ல சாரதி இதைக் கேட்டுக் கோபிக்கமாட்டார்.

மாலையானபோது இளைஞன் சுவிச்சோடு வந்தான். பாஸ் அதைப் பூட்டி, சாரதியை ஆசனத்தில் ஏற்றி, தாம் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டார். எஞ்சின் ஓடியது. சுவிச்சைப் போட்டதும் ‘உஸ்’ என்று காற்று பாய்ந்து, எஞ்சினின் குரல் தொண்டை அடைத்தாற்போல் தாழ்ந்தது. “கிளட்ச்!” என்று கீழிருந்து சத்தமிட்டார். சாரதி மிதித்தார், குரல் உடனே தெளிந்தது. காலை எடுத்தார், மீண்டும் தாழ்ந்தது. இப்படி ஏழெட்டு முறை செய்வித்த பின்புதான் பாஸ் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். யாத்திரிகர்களில் வயதான அம்மா ஒருவர் ஆலயத்திலிருந்து திரும்பி வந்து, “சரியாகிவிட்டதா, தம்பி?” என்று கேட்டார். சாரதி பதில் சொல்லாமல் இன்னொரு முறை கிளட்சை மிதித்துக் காட்டினார்.