வாசலில் நிற்பது யார்?

கணிப்பொறி மையத்தில் உட்கார்ந்து ஏதாவது ஒரு தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பியிருக்கிறீர்களா? பெயர், பிறந்த தேதி, பள்ளியின் பெயர் எல்லாம் எழுதி முடித்ததும், கடைசியில் ஒரு சிறு பெட்டி தோன்றும். அதில் சில எழுத்துகள், காற்றில் ஆடும் துணியைப்போல, வளைந்தும் நெளிந்தும் நிற்கும். அவற்றைச் சரியாகப் படித்து எழுதினால்தான் விண்ணப்பம் உள்ளே போகும். இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து!

இந்தப் பெட்டிக்குக் ‘கேப்சா’ என்று பெயர். வாசலில் நிற்பது மனிதரா, மனிதர்போல் நடிக்கும் இயந்திரமா என்று தெரிந்துகொள்வதுதான் இதன் வேலை. இயந்திரம் எதற்காக நடிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு மனிதர் ஓர் இரவில் சில மின்னஞ்சல் கணக்குகளைத்தான் தொடங்க முடியும். ஆனால் அதற்கென எழுதப்பட்ட ஒரு கட்டளை நிரல் ஆயிரக்கணக்கில் தொடங்கிவிடும். பிறகு அந்தக் கணக்குகளிலிருந்து வேண்டாத விளம்பரங்களும் மோசடிக் கடிதங்களும் கோடிக்கணக்கில் புறப்படும். ஆகவே வாசலில் ஒரு காவலர் தேவைப்படுகிறார்.

காவலர் என்ன கேள்வி கேட்பார்? கேள்வி மிக எளிதாக இருந்தால் இயந்திரமும் நுழைந்துவிடும். மிகக் கடினமாக இருந்தால், புதிதாக வந்த அப்பாவி மனிதரும் திரும்பிப் போக வேண்டியதுதான். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டா?

தேர்வாளருக்கே விடை தெரியாத தேர்வு

1950-ஆம் ஆண்டில் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித மேதை ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். திரைக்குப் பின்னால் ஒரு மனிதரும் ஒரு இயந்திரமும் இருக்கிறார்கள். கேள்வி கேட்பவர், எழுதி வரும் விடைகளை மட்டும் பார்த்து, யார் மனிதர் என்று கண்டுபிடிக்க வேண்டும். முடியவில்லையென்றால் அந்த இயந்திரம் சிந்திக்கிறது என்று சொல்லலாமே என்பது டூரிங்கின் வாதம்.

டூரிங்கின் சோதனையில் நடுவர் ஒரு மனிதர். கேப்சாவிலோ நடுவரே ஒரு இயந்திரம்! 1997-இல் ‘ஆல்டாவிஸ்டா’ என்ற தேடுபொறியில் ஆந்திரேய் ப்ரோடர் குழுவினர் எழுத்துகளைச் சிதைத்துக் காட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மானுவல் ப்ளம், லூயிஸ் வான் ஆன் முதலியோர் இதற்கு முறையான வடிவம் தந்து, கேப்சா என்ற பெயரையும் சூட்டினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருப்பதைக் கவனித்தீர்களா? இயந்திரம் கேள்வித்தாள் தயாரிக்கிறது, விடைத்தாளும் திருத்துகிறது. ஆனால் அதே கேள்வியை அதனிடம் கொடுத்தால் விடை எழுத வரவில்லை! இது எப்படிச் சாத்தியம்?

ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு மை விடுங்கள். கலப்பது எளிது, கலந்த மையைப் பிரித்தெடுப்பது மிகவும் கடினம். காவல் இயந்திரமும் முதலில் விடையை எடுத்துக்கொள்கிறது. பிறகு அதை வளைத்து, கோடு கிழித்து, புள்ளிகள் தூவிக் கேள்வியாக மாற்றுகிறது. முன்னோக்கிப் போவது எளிது. சிதைந்த படத்திலிருந்து எழுத்துகளுக்குத் திரும்பி வருவதற்கு மனிதக் கண்ணும் மூளையும் வேண்டியிருந்தன.

ஐந்து கேள்வி கேட்டால் என்ன?

‘ஒரு கேள்வி போதாதென்றால் ஐந்து கேட்போம்’ என்று சிலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கின்றன, சரியானது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் தெரியாத இயந்திரம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், அது சரியாக இருக்க 4-இல் 1 வாய்ப்பு. ஐந்து கேள்விகளிலும் தப்பாமல் தேற 1024-இல் 1 வாய்ப்புதான். பிரமாதமான காவல் என்று தோன்றுகிறது அல்லவா?

பொறுங்கள். புதிதாக வரும் ஒரு மனிதர் ஒவ்வொரு கேள்விக்கும் 10-இல் 9 முறை சரியாக விடை சொல்வார் என்று கொள்வோம். ஐந்திலும் சரியாகச் சொல்ல 0.9-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.59. அதாவது 100 பேர் வந்தால் 41 பேர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள்!

இயந்திரம் என்ன ஆயிற்று? அதற்குக் களைப்பு இல்லை, வெட்கமும் இல்லை. 10 லட்சம் முறை முயன்றால் 976 முறை உள்ளே நுழைந்துவிடும். மனிதர் இரண்டு முறை தோற்றால் எழுந்து போய்விடுவார். ஆகவே கேள்விகளைக் கூட்டுவதால் அதிகம் அடிபடுவது மனிதர்தான்.

அப்படியானால் வழி என்ன? இயற்பியலில் படித்திருப்பீர்கள்: மெல்ல நடப்பவருக்குக் காற்றின் தடை தெரிவதே இல்லை. வேகமாகப் பாயும் துப்பாக்கிக் குண்டுக்கோ அதே காற்று பெரிய தடை. காவலும் அப்படி இருக்கலாம். ஒவ்வொரு முயற்சிக்கும் 3 வினாடி காத்திருக்க வேண்டும் என்று விதி வைத்தால் உங்களுக்கும் எனக்கும் அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் 10 லட்சம் முயற்சிக்கு 30 லட்சம் வினாடி, அதாவது சுமார் 35 நாள் ஆகும்! பல கணிப்பொறிகளைச் சேர்த்து வேலை வாங்கினால் நாள் குறையும். ஆனால் செலவு ஏறும். 1992-இல் சிந்தியா ட்வர்க், மோனி நோர் என்ற இருவர் இதே வகையில் ஒரு யோசனை சொன்னார்கள். மின்னஞ்சல் அனுப்பும் ஒவ்வொரு கணிப்பொறியும் முதலில் ஒரு சிறு கணக்கைச் செய்து காட்ட வேண்டும் என்பதே அது. ஒரு கடிதம் எழுதுபவருக்கு அது சுமையில்லை. கோடிக் கடிதம் அனுப்புபவருக்குப் பெருஞ்சுமை.

இன்னொரு தந்திரமும் உண்டு. விண்ணப்பத்தில் மனிதர் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு காலிக் கட்டத்தை ஒளித்து வைப்பார்கள். மனிதர் அதைத் தொடமாட்டார். கண்ட கட்டத்தையெல்லாம் நிரப்பும் இயந்திரம் அதையும் நிரப்பி மாட்டிக்கொள்ளும். எலிப்பொறியில் தேங்காய்த் துண்டு வைப்பதுபோலத்தான்!

யாருக்கு எளிது?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். ‘மனிதருக்கு எளிது’ என்கிறோமே, எந்த மனிதருக்கு?

பார்வையற்ற ஒரு மாணவி, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் கருவியின் உதவியால் தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்புகிறாள். எல்லாம் சரியாகப் போகிறது. நெளிந்த எழுத்துப் படத்துக்கு வந்ததும் கருவி ஊமையாகிவிடுகிறது. கருவியால் அதைப் படிக்க முடிந்தால் திருட்டு இயந்திரமும் படித்துவிடும் அல்லவா? இறுதி நாள் மாலை, உதவிக்கு ஆளில்லை என்றால் அவளுடைய ஓராண்டு வீணாகிறது. எழுத்துக்குப் பதில் ஒலியும் வேண்டும் என்பது இதனால்தான். ஆனால் இரைச்சல் கலந்த ஒலி, காது மந்தமானவருக்கு உதவாது. ஆகவே ஒரே புலனை நம்பிய சோதனை நல்ல சோதனை ஆகாது.

படங்களைக் காட்டி, ‘தீயணைப்புக் குழாய் உள்ள கட்டங்களைத் தொடுக’ என்று கேட்பதும் உண்டு. அமெரிக்கத் தெருவோரத்தில் குட்டையாக நிற்கும் அந்தக் குழாயை நம் ஊர்ப் பிள்ளைகள் எங்கே பார்த்தார்கள்? அங்கே சோதிக்கப்படுவது மனிதத் தன்மை அல்ல, ஊர்ப் பழக்கம். ‘4’ என்று எழுதினால் ஏற்றுக்கொண்டு, ‘நான்கு’, ‘நாலு’ என்று எழுதினால் தள்ளிவிடுவதும் இதே தவறுதான்.

நல்ல காவல் கேள்விக்கு இலக்கணம் இதுதான். அன்றுதான் முதன்முறையாக வருபவருக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும். விடையைப் பலவிதமாக எழுதினாலும் ஏற்க வேண்டும். தவறினால் காரணம் சொல்லி, வேறு கேள்வி தர வேண்டும். பல கேள்விகள் மாறி மாறி வர வேண்டும். ஒரே கேள்வியானால் அதன் விடையை யாரோ ஒருவர் ஒருமுறை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

மாணவன் ஆசானை மிஞ்சிய கதை

200 கோடி வினாடி என்பது எவ்வளவு நேரம்? உலகில் நாளொன்றுக்கு 20 கோடி முறை கேப்சா நிரப்பப்படுகிறது, ஒவ்வொன்றுக்கும் 10 வினாடி ஆகிறது என்று லூயிஸ் வான் ஆன் 2011-இல் ஓர் உரையில் கூறினார். கூட்டிப் பார்த்தால் தினம் 5 லட்சம் மணிக்கு மேல்! அந்த உழைப்பை வீணாக்க மனமில்லாமல், அவர் குழுவினர் 2007-இல் ‘ரீகேப்சா’வை உருவாக்கியிருந்தார்கள். பழைய நூல்களிலும் நாளிதழ்களிலும் கணிப்பொறியால் படிக்க முடியாத சொற்களைப் படமாகக் காட்டி, மக்களையே படிக்க வைத்தார்கள். 2008-க்குள் 44 கோடி சொற்கள் இப்படிப் படிக்கப்பட்டன.

இதற்கிடையே இயந்திரங்கள் சும்மா இருக்கவில்லை. 2014-இல் கூகுள் ஆய்வாளர்கள், மிகக் கடினமான சிதைந்த எழுத்துகளைக்கூட 99.8 விழுக்காடு சரியாகப் படிக்கும் முறையை வெளியிட்டார்கள். 2024-இல் சூரிக் நகரத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், படக் கேள்விகள் அனைத்தையும் இயந்திரத்தால் தீர்க்க முடியும் என்று காட்டினார்கள். இன்று நெளிந்த எழுத்தைப் படிக்கத் திணறுவது பெரும்பாலும் மனிதர்தான்!

அதனால் இப்போது பல வாசல்களில் கேள்வியே இல்லை. வந்தவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று காவலர் மறைவிலிருந்து கவனித்து மதிப்பெண் போடுகிறார். தொல்லை குறைகிறது என்பது உண்மை. ஆனால் நம்மைக் கேட்காமலே நம்மை அளக்கிறார்கள் என்பதும் உண்மை. எது மேல் என்று நீங்களே யோசியுங்கள்.

ஒரு சிறு பயிற்சி. இயந்திரத்தைத் தடுக்கக்கூடிய கேள்வி ஒன்றைத் தயாரியுங்கள். அதை உங்கள் பாட்டியிடமும், பக்கத்து வீட்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடமும், வேறு மாநிலத்திலிருந்து வந்த ஒருவரிடமும் கேளுங்கள். எத்தனை பேர் தேறினார்கள்? தேறாதவர் மனிதர் இல்லை என்று சொல்ல உங்களுக்கு மனம் வருமா? வராதென்றால் தவறு அவர்களிடம் இல்லை. கேள்வியைத்தான் திருத்த வேண்டும்.