நடுவர் இல்லாத கோர்ட்டில் டைபிரேக்கர்

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



டென்னிஸ் பணக்காரர் ஆட்டம், நமக்கும் அதற்கும் ரொம்ப தூரம் என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். ஆனால் நமக்குப் பக்கத்திலே, நாகர்கோவிலில் 1937-ல் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன்தான் 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். 1960, 1961 இரண்டு ஆண்டும் அங்கே ஆடவர் அரையிறுதி வரை போனார். அவர் மகன் ரமேஷ் 1979-ல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். அதனால் பழைய மட்டையும் வெளுத்துப்போன இரண்டு பந்தும் கிடைத்தால் நாமும் தாராளமாக இறங்கலாம்.

நாங்கள் எட்டுப் பேர் அப்படித்தான் பாளையங்கோட்டையில் ஒரு சிமெண்ட் கோர்ட்டில் இறங்கினோம். வகுப்பு முடிந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர ஐந்து மணி. ஆறரைக்கெல்லாம் பந்து கண்ணுக்குத் தெரியாது. ஒரு செட் ஆடவே அரை மணிக்கு மேல் ஆகும். இரண்டு பேர் ஆட, ஆறு பேர் சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதா? அதனால் முழு செட்டை விட்டுவிட்டு வெறும் டைபிரேக்கர் மட்டும் ஆடுவது என்று முடிவாயிற்று. பத்து நிமிஷத்தில் ஒரு ஆட்டம்!

டைபிரேக்கர் வந்த கதை

முன்பெல்லாம் இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை செட் ஓடிக்கொண்டே இருக்கும். 1969 விம்பிள்டனில் கொன்சாலஸ், பசரெல் இருவரும் ஆடிய ஆட்டத்தில் முதல் செட் மட்டும் 22-24. மொத்தம் 112 கேம். இரண்டு நாள் ஆனது. இந்தத் தொல்லைக்கு அமெரிக்காவின் ஜிம்மி வான் ஆலன் 1960-களிலேயே மருந்து கண்டுபிடித்திருந்தார். 1970-ல் அமெரிக்க ஓப்பனில் அது நுழைந்தது. அப்போது 9 பாயிண்ட் முறை: முதலில் 5 எடுத்தவர் வெற்றி, 4-4 வந்தால் அடுத்த ஒரே பாயிண்டில் முடிவு. இதில் ஒருவருக்கு 4 சர்வ், மற்றவருக்கு 5 சர்வ் என்று ஒரு கோணல் இருந்தது. பின்னால் வந்த 7 பாயிண்ட் முறை அதை நேராக்கியது. 2022 முதல் நான்கு பெரிய போட்டிகளிலும் கடைசி செட் 6-6 ஆனால் 10 பாயிண்ட் டைபிரேக்கர் ஆடுகிறார்கள்.

சர்வ் வரிசை

7 பாயிண்ட் முறையில் முதல் ஆள் ஒரே ஒரு சர்வ் போடுவார். பிறகு எதிராளி இரண்டு, இவர் இரண்டு என்று மாறிமாறிப் போகும். முதல் சர்வ் ஏன் ஒன்று மட்டும்? அ, ஆ ஆ, அ அ, ஆ ஆ, அ அ, ஆ ஆ, அ என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். 6-6 வரும்போது இருவரும் சரியாக ஆறாறு சர்வ் போட்டிருப்பார்கள். முதலில் தொடங்கியவருக்குச் சலுகை கிடையாது. 7 எடுக்க வேண்டும், இரண்டு பாயிண்ட் முன்னிலையும் வேண்டும். 6 பாயிண்டுக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும்.

புத்தகச் சட்டம் இவ்வளவுதான். ஆனால் நடுவர் இல்லாத கோர்ட்டுக்கு இது போதவில்லை. "ஏல, நாலு மூணுதான?" "எவம்ல சொன்னான்? நாலு நாலு!" என்று தொடங்கிய சண்டையில் எங்களில் இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாரம் பேசவில்லை. அதன் பிறகுதான் நாங்களே உட்கார்ந்து சட்டம் போட்டோம். அவற்றைக் காரணத்தோடு தருகிறேன்.

எங்கள் கோர்ட் சட்டங்கள்

1. சர்வ் போடுபவர் ஒவ்வொரு முறையும் ஸ்கோரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், தன் கணக்கு முதலில். எதிராளி வாய் திறக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அப்படியும் குழப்பம் வந்தால் நின்ற இடத்தைப் பாருங்கள். மொத்த பாயிண்ட் இரட்டைப்படை என்றால் அடுத்த சர்வ் வலது பக்கத்திலிருந்து; ஒற்றைப்படை என்றால் இடது பக்கத்திலிருந்து. 4-3 என்றால் மொத்தம் 7, இடது. 4-4 என்றால் 8, வலது. கடைசி சர்வ் எங்கிருந்து போட்டோம் என்பது நினைவிருந்தால் பாதிச் சண்டை தீர்ந்தது. அதிலும் தீராவிட்டால் இருவரும் ஒத்துக்கொள்ளும் பாயிண்டுகளை மட்டும் வைத்து அங்கிருந்து தொடர வேண்டியதுதான்.

2. பந்து விழுந்த பக்கத்துக்காரர்தான் 'அவுட்' சொல்ல வேண்டும், அதுவும் உடனே. கோட்டில் துளி பட்டாலும் உள்ளேதான். சந்தேகம் என்றால் பாயிண்ட் எதிராளிக்கு. சுவரில் உட்கார்ந்திருப்பவர்களிடம் சாட்சி கேட்கக் கூடாது. அவர்களும் நண்பர்கள், ஒரு பக்கம் பேசினால் இன்னொரு பக்கத்துக்கு மனவருத்தம்.

3. பக்கத்து கிரிக்கெட் பந்தோ, மாடோ கோர்ட்டுக்குள் வந்தால் அந்த பாயிண்டை முதல் சர்விலிருந்து திரும்ப ஆட வேண்டும். பந்தைச் சுவர் தாண்டி அடித்தவர்தான் ஏறி எடுத்து வர வேண்டும்.

4. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றை நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கோர்ட் கிழக்கு மேற்காக அமைந்தது. மேற்கு பார்த்து நிற்பவனுக்கு எதிர்க்காற்றும் உண்டு, கண்ணில் வெயிலும் உண்டு. ஆறு பாயிண்ட் அங்கேயே நின்றால் பக்கம் மாறுவதற்குள் ஆட்டம் கைவிட்டுப் போகும். ஆகவே காற்றுக் காலத்தில் 'கோமன்' முறை: முதல் பாயிண்டுக்குப் பின் ஒருமுறை, அப்புறம் நான்கு பாயிண்டுக்கு ஒருமுறை பக்கம் மாறுவோம். சர்வ் வரிசையில் மாற்றம் இல்லை. இது அமெரிக்காவில் ஏற்கெனவே பழக்கத்தில் உள்ள முறைதான்.

5. 9-9 வந்தால் அடுத்த பாயிண்டில் முடிவு. காத்திருப்பவர்களையும் பார்க்க வேண்டுமே! அதுவரை இருவரும் ஒன்பது ஒன்பது சர்வ் போட்டிருப்பார்கள், கணக்கு சமம். கடைசி சர்வ் வரிசைப்படி வரும். ஆனால் அதை எந்தப் பக்கத்தில் வாங்குவது என்பது வாங்குபவர் இஷ்டம்.

6. ஜெயித்தவர் கோர்ட்டில் நிற்கலாம், ஆனால் தொடர்ந்து இரண்டு ஆட்டம் ஜெயித்தால் வெளியே வர வேண்டும். இந்தச் சட்டம் தாமதமாகத்தான் வந்தது. சிவில் பிரிவு நண்பன் ஒருவன் புதிதாக ஆட வந்தான். 7-1 என்று ஐந்தே நிமிஷத்தில் தோற்பான். மறுபடி முறை வர முக்கால் மணி நேரம் ஆகும். பத்து நாள் பொறுத்தான், பிறகு வருவதை நிறுத்திவிட்டான். யாரும் அவனைத் திட்டவில்லை, ஏமாற்றவில்லை. நாங்கள் வைத்திருந்த முறையே அவனை வெளியே தள்ளியது. இரண்டு ஆட்டச் சட்டம் போட்டு, புதியவர்களுக்கு 2-0 முன்னிலையும் தருவது என்று சொல்லிக் கூப்பிட்டோம். இப்போது அந்தச் சலுகை வேண்டாம் என்கிறான்!

இவற்றில் எதையும் அப்படியே பின்பற்ற வேண்டும் என்று சொல்ல வரவில்லை. உங்கள் கோர்ட்டுக்கு உங்கள் சட்டம். ஷட்டிலுக்கும் கேரம் போர்டுக்கும் கூட இது பொருந்தும். எந்தச் சட்டம் போட்டாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதனால் யாராவது ஒருவருக்கு மட்டும் லாபமா? டாஸ் போடுவதற்கு முன்பே இதை எல்லோரும் ஒப்புக்கொண்டோமா? நியாயமான சட்டமே ஆனாலும், 6-6-ல் நின்றுகொண்டு சொன்னால் அது சண்டைக்குத்தான் அழைப்பு. ஃபிட்டிங் ஷாப்பில் மார்க்கிங் போட்டு பஞ்ச் அடித்த பிறகுதானே ஹேக்ஸாவைக் கையில் எடுக்கிறோம்? வெட்டிய பிறகு கோடு போட்டால் ஜாப் கெட்டுவிடும். இங்கே கெடுவது ஜாப் இல்லை, நட்பு.

மூன்றே ஆண்டு நாம் சேர்ந்திருக்கப் போகிறோம். அதில் ஒரு வாரம் பேசாமல் கழிப்பது பெரிய நஷ்டம். மட்டை இல்லாதவர்களும் வாங்க, எங்களிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணி!