உப்பளத்துக்கு எந்த லென்ஸ்?

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிறவர்களில் பலர் மரக்காணம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டுவார்கள். சாலையோரம் பாத்தி பாத்தியாக உப்பளம். வரப்புகளில் வெள்ளை வெளேரென்று குவித்த உப்பு. பாத்தித் தண்ணீரில் தலைகீழாக வானம். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாக உப்புக்குப் பேர்பெற்ற ஊர் இது. ஊரை ஒட்டிக் கழுவெளி ஏரி இருக்கிறது. 2021 டிசம்பரில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. உப்பு வாரும் மனிதர்கள், வலசை வரும் பறவைகள், பாத்தியில் விளையும் படிகம் என்று மூன்று வகைப் படங்கள் ஒரே ஊரில் கிடைக்கின்றன.

மூன்றுக்கும் தேவைப்படும் லென்ஸ் வேறு வேறு என்பதுதான் சிக்கல். கேமராவோடு வந்த 18–55 மி.மீ. கிட் லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்து எதை வாங்கலாம் என்று கையிருப்பை எண்ணிப் பார்ப்பவருக்கானது இந்தக் கட்டுரை.

எது குறைகிறது?

கிட் லென்ஸ் மட்டமானது என்று ஒரு பேச்சு உண்டு. நல்ல வெளிச்சத்தில் அபர்ச்சரை எஃப் 8-க்குக் கொண்டுவந்து உப்பள நிலக்காட்சி எடுத்தால், பல மடங்கு விலையுள்ள லென்ஸில் எடுத்த படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே, எடுத்த படங்களில் எது குறைகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஆள் அசைந்து கலங்கித் தெரிகிறாரா? ஒளி போதவில்லை. பறவை புள்ளியாகத் தெரிகிறதா? எட்டவில்லை. படிகத்துக்கு அருகே போனால் ஃபோகஸ் பிடிக்க மறுக்கிறதா? நெருங்க முடியவில்லை. இந்த மூன்றில் எதுவுமே இல்லையென்றால் இப்போதைக்குப் புது லென்ஸ் தேவையில்லை.

லென்ஸ் மேல் விழும் பழிகளில் சில அதனுடையவையும் அல்ல. உப்புக் குவியல் சாம்பல் நிறமாக வருவது அப்படி ஒன்று. எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு அளப்பதுதான் கேமரா மீட்டரின் சுபாவம். வெள்ளையைக் கண்டால் ஒளியைக் குறைத்துவிடும். எக்ஸ்போஷர் அளவை +1 அல்லது +1.5 வரை ஏற்றினால் உப்பு வெள்ளையாகிவிடும். இதற்குச் செலவில்லை.

ஒளி போதாதவர்களுக்கு

உப்பள வேலை வெயில் ஏறுமுன் நடப்பது. விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் பலகை பிடித்து உப்பு வாருபவரைக் கிட் லென்ஸில் எடுத்தால் கைகள் கலங்கிப்போகும். காரணம் எஃப் எண். லென்ஸின் குவியத் தூரத்தை அதன் ஒளி நுழையும் வாயின் விட்டத்தால் வகுத்தால் வருவது இந்த எண். எண் சிறியதானால் வாய் பெரியது. கிட் லென்ஸ் 55 மி.மீ.க்கு வரும்போது எஃப் 5.6-தான். அதற்குப் பதில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பொருத்தினால் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளி உள்ளே வரும். 1/30 நொடி தேவைப்பட்ட இடத்தில் 1/300 நொடி போதும். வீசும் பலகையும் நின்று தெரியும்.

இவ்வளவு ஒளி வாங்கும் லென்ஸ், புதிதாகவே பத்தாயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைப்பது எப்படி? இதன் வடிவம் பழையது. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1896-இல் உருவாக்கிய பிளானார் லென்ஸின் வழிவந்தது. நடுவில் அபர்ச்சர், இருபுறமும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கண்ணாடிகள். ஒரு பக்கத்துப் பிழைகள் பலவற்றை மறுபக்கம் சரிக்கட்டிவிடும். அந்தக் காலத்தில் இதற்கு ஒரு குறை இருந்தது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். போன ஒளியில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தை வெளிறச் செய்யும். 1935-இல் அதே நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா எதிரொளி தடுக்கும் பூச்சைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த வடிவத்துக்கு யோகம் அடித்தது.

விலை குறைய இன்னொரு காரணம் கேமராவின் உடம்பிலேயே இருக்கிறது. எஸ்எல்ஆர் கேமராவில் உள்ளிருக்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி (மிரர்) மேலெழுந்து இறங்க இடம் வேண்டும் என்பதால் லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளியே நிற்கும். கேனான் இஎஃப் மவுண்டில் அந்தத் தூரம் 44 மி.மீ. அதைவிடக் குட்டையான குவியத் தூரத்துக்கு லென்ஸ் செய்ய வேண்டுமானால் கூடுதல் கண்ணாடிகளைச் சேர்த்துச் சுற்றுவழி பிடிக்க வேண்டும். 50 மி.மீ.க்கு அந்தத் தொல்லை இல்லை. ஆறு கண்ணாடியில் வேலை முடிகிறது. கேனான் இதன் முதல் இஎஃப் வடிவத்தை 1987-இலும், இரண்டாம் வடிவத்தை 1990-இலும், எஸ்டிஎம் வடிவத்தை 2015-இலும் கொண்டுவந்தது. செகண்ட் ஹேண்டில் இரண்டாம் வடிவம் மலிவு. மவுண்ட் பிளாஸ்டிக், ஃபோகஸ் மோட்டார் இரையும். முடிந்தால் எஸ்டிஎம் வாங்குவது நல்லது.

நிக்கான்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டி3000, டி5000 வரிசை கேமராக்களின் உடம்பில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 மி.மீ. எஃப் 1.8 டி வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ‘ஏஎஃப்-எஸ்’ என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எல்லாருக்குமே பொதுவான இன்னொன்று: இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-இல் தெளிவாகத் தெரியும் ஆழம், சிறிய சென்சார் கேமராவில் சுமார் 11 செ.மீ.தான். ஒளி இடம் கொடுத்தால் எஃப் 2.8-க்கு வந்துவிடுங்கள், முகமும் தெளியும், ஓரங்களும் தெளியும்.

எட்டாதவர்களுக்கு

பறவைப் படம் என்றதும் பீரங்கி போன்ற லென்ஸ்தான் நினைவுக்கு வரும். அதன் விலைக்குக் காரணமும் அதே எஃப் எண்தான். 300 மி.மீ. லென்ஸ் எஃப் 5.6 ஆனால் வாயின் விட்டம் 54 மி.மீ.; எஃப் 2.8 ஆனால் 107 மி.மீ. விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, கண்ணாடியின் கனம் ஏறக்குறைய எட்டு மடங்கு. இவ்வளவு பெரிய, பழுதில்லாத கண்ணாடியை வார்த்துத் தேய்ப்பது லேசான காரியமல்ல. முன்னது ஆயிரங்களில் கிடைக்க, பின்னது லட்சங்களுக்குப் போவது இதனால்தான்.

ஆயிரங்களில் கிடைப்பது எவ்வளவு எட்டும்? கேனான் 55–250 மி.மீ. எஸ்டிஎம், நிக்கான் ஏஎஃப்-பி 70–300 மி.மீ. ஆகியவை இந்த வகையில் நல்ல லென்ஸ்கள். (ஏஎஃப்-பி வகை பழைய நிக்கான் கேமராக்கள் சிலவற்றில் வேலை செய்யாது, வாங்குமுன் உறுதிசெய்யுங்கள்.) 1.3 மீட்டர் உயரப் பூநாரை 50 மீட்டர் தள்ளி நின்றால், 250 மி.மீ. லென்ஸ் அதைச் சென்சாரில் 6.5 மி.மீ. உயரத்துக்கு வரையும். சிறிய சென்சாரின் உயரம் சுமார் 15 மி.மீ.; படத்தில் ஏறக்குறைய பாதி உயரம் பூநாரைதான். பவளக்கால் உள்ளான் என்றால் கதை வேறு. 35 செ.மீ. பறவை அதே தூரத்தில் 1.75 மி.மீ.தான் வரும். அதைப் பெரிதாக்க இரண்டு வழி: 500 மி.மீ. லென்ஸ் வாங்கலாம், அல்லது 25 மீட்டர் தூரத்துக்குப் போகலாம். இரண்டும் ஒரே பலனைத் தரும்.

கிட்டே போவது என்றால் பறவையை விரட்டுவது அல்ல. நடந்து வரும் மனிதனைக் கண்டால் கிளம்பும் பறவை, நின்றிருக்கும் காரை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. எஞ்சினை நிறுத்தி, சன்னல் விளிம்பில் அரிசி நிரப்பிய துணிப்பை ஒன்றை வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் டிரைபாட் செலவும் மிச்சம்.

விலை உயர்ந்த லென்ஸையும் தோற்கடிப்பது இங்கே காற்று. வெயில் ஏற ஏற வரப்பு மண் சூடாகிறது. பாத்தி நீர் அவ்வளவு வேகமாகச் சூடாவதில்லை. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் மாறி மாறிக் கலக்கும்போது ஒளி வளைந்து நெளிகிறது. அதுதான் கானல். நூறு மீட்டர் கானலுக்கு அப்பால் நிற்கும் பறவையை எத்தனை லட்ச ரூபாய் லென்ஸாலும் தெளிவாகப் பிடிக்க முடியாது. எட்டும் தூரம் கூடக் கூட நெளிவும் சேர்ந்தே பெரிதாகும். காலை முதல் இரண்டு மணி நேரத்தில் 250 மி.மீ.யில் எடுத்த படம், பகல் பன்னிரண்டுக்கு 600 மி.மீ.யில் எடுத்ததை எளிதாக மிஞ்சும்.

நெருங்க முடியாதவர்களுக்கு

உப்புப் படிகம் கனசதுரமாக வளரும். அதைப் படமெடுக்க மேக்ரோ லென்ஸ் வேண்டும் என்பார்கள். உடம்புக்கும் லென்ஸுக்கும் நடுவே செருகும் எக்ஸ்டென்ஷன் டியூப் அதில் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். அது வெறும் வளையம்; உள்ளே கண்ணாடியே கிடையாது, ஆகவே படத்தைக் கெடுக்கவும் ஒன்றுமில்லை. கொஞ்சம் ஒளிதான் குறையும். கணக்கும் எளிது: 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. டியூப் வைத்தால், ஃபோகஸை முடிவிலியில் வைத்திருக்கும்போதே பாதி அளவு உருப்பெருக்கம் கிடைக்கும். முன்பு சொன்ன அதே 50 மி.மீ. லென்ஸ் இதற்கும் பயன்படுவதால் கைச்செலவு டியூபுக்கு மட்டுமே. மின் இணைப்பு உள்ள டியூபாக வாங்குங்கள்; இல்லாத வகையில் இன்றைய லென்ஸ்களின் அபர்ச்சரை மாற்ற முடியாது.

பழைய லென்ஸ், பழைய பாடம்

தமிழ்நாட்டின் காட்டுயிர் எழுத்தாளரும் புகைப்படக்காரருமான மா. கிருஷ்ணன் (1912–1996) தம் கேமராவைத் தாமே கோத்துக்கொண்டவர். உடம்பு ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறொரு கம்பெனி, மற்ற உறுப்புகள் கைவேலை. அந்தக் கூட்டுக் கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று பெயரும் வைத்திருந்தார். அதில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

இன்று அந்தக் கோப்பு வேலையை அடாப்டர் செய்கிறது. பொருந்துமா என்பதை முடிவுசெய்வது மவுண்டிலிருந்து சென்சார் வரையிலான தூரம். பழைய எம்42 திருகு லென்ஸுக்கு அது 45.46 மி.மீ. கேனான் இஎஃப் உடம்பின் 44 மி.மீ. அதைவிடக் குறைவு என்பதால் மெல்லிய வளையம் ஒன்றே போதும். நிக்கான் எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ.; அங்கே எம்42 லென்ஸ் தூரத்துப் பொருளில் ஃபோகஸ் ஆகாது. மிரர் இல்லாத (மிரர்லெஸ்) கேமராக்களில் கவலையே இல்லை: சோனி இ மவுண்ட் 18 மி.மீ., நிக்கான் இசட் 16 மி.மீ.; பழைய எஸ்எல்ஆர் லென்ஸ் எதுவும் ஏறும். சோவியத் ஹீலியோஸ், ஜப்பானின் டாக்குமார் போன்றவை இப்படித்தான் மறுவாழ்வு பெற்றன. ஆனால் ஃபோகஸ் கையால்தான். ஓரிடத்தில் நின்று வேலை செய்பவருக்கும் படிகத்துக்கும் சரி. பறக்கும் பறவைக்குச் சரிவராது.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது டார்ச்சைப் பின்பக்கம் வைத்து அடித்துப் பாருங்கள். நூலாம்படை போல் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள். தூசி நாலைந்து தெரிந்தால் பரவாயில்லை. அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கக் கூடாது. ஒரு சுவரை நேராகப் படமெடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி இடம் பிசகியிருக்கிறது.

பூஞ்சை என்றதும் ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும்; லென்ஸ் மேல் படிந்த தூள் உப்புநீராகி உலோகத்தை அரிக்கும். பூஞ்சைக்கும் ஏறக்குறைய அந்த ஈரமே பிடிக்கும். கடற்கரையில் இரவு ஈரப்பதம் அந்த எல்லையை எளிதில் தாண்டும். ஆகவே உப்பளத்திலிருந்து வந்ததும் முதலில் ஊதி, பிறகு லேசாக ஈரமான துணியால் துடையுங்கள். காய்ந்த துணியால் தேய்த்தால் படிகம் கீறும். பிறகு மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிடுங்கள்.

கடைசியாக, எதை முதலில் வாங்குவது என்பதற்கு மரக்காணத்தின் காலண்டரே பதில் வைத்திருக்கிறது. வலசைப் பறவைகள் வருவது அக்டோபரிலிருந்து மார்ச் வரை. உப்பு விளைவதோ வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நிலம் காய்ந்த பிறகு, கோடையை ஒட்டி. இரண்டு பருவமும் பெரும்பாலும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. அதனால் இரண்டு லென்ஸையும் ஒரே மாதத்தில் வாங்கவும் தேவையில்லை. கோடைக்கு 50 மி.மீ.யும் டியூபும் போதும். மழைக்குள் பணம் சேர்ந்தால் செகண்ட் ஹேண்டில் ஒரு டெலி ஜூம் பார்க்கலாம். சேராவிட்டால், கேமரா உடம்பைப் போல லென்ஸ் விலை சடசடவென்று இறங்குவதில்லை. சுத்தமாக வைத்திருந்த 50 மி.மீ.யை விற்று, கொஞ்சம் சேர்த்து, பறவைகள் வருமுன் மாற்றிக்கொள்ளலாம்.