பகல் விளக்கை நம்பி இரவில் போக வேண்டாம்

கள்ளக்குறிச்சி வியாபாரத்துக்கும் கல்வராயன் மலைக்கும் உள்ள உறவு நெடுநாளையது என்பதை வணிகப் பெருமக்கள் அறிவர். புளி, கடுக்காய், தேன், சாமை என மலைச் சரக்கு நம் கடைகளுக்கு இறங்குகிறது. மளிகையும் துணியும் இரும்புச் சாமானும் இங்கிருந்து மேலே ஏறுகின்றன. முன்பெல்லாம் பஸ்ஸில் போய்வந்த நம்மில் பலர், இன்று சொந்தக் காரில் போய்வருகிறோம். அப்படிப் போன ஒரு பங்குனி மாலையில் நமக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

வெள்ளிமலையில் புளிக் கணக்கை முடித்துக் கிளம்பும்போது மணி ஆறு. வண்டி புதியது, மகன் ஓட்டினான். மலையை விட்டிறங்கி, கோமுகி அணையைத் தாண்டிக் கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். பின்னாலேயே வந்த மினி லாரியின் டிரைவர் இறங்கி நேரே நம்மிடம் வந்தார்.

“ஐயா, உங்க வண்டிக்குப் பின்னாடி லைட்டே எரியல. பிரேக் போட்டாத்தான் சிவப்பு தெரியுது. ஒரு வளைவுல இடிச்சிருப்பேன்” என்றார்.

மகனுக்கு ஆச்சரியம். “முன்னால எரியுதேப்பா, மீட்டரும் பளிச்சுன்னு தெரியுதே” என்றான். இறங்கிப் பார்த்தோம். முன்னால் எரிந்தது ஹெட்லைட் அல்ல, பகல் விளக்கு. பின்பக்கம் ஒரே இருட்டு. கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் விளக்கில்லை என்று எத்தனை முறை குறை சொல்லியிருப்போம்! அன்று நம் காரே அந்த நிலையில் வந்திருக்கிறது.

பகல் விளக்கு எதற்கு?

டி.ஆர்.எல். எனப்படும் இந்த விளக்கு நமக்குப் பாதையைக் காட்டுவதற்கல்ல. எதிரே வருபவருக்கு நம்மைக் காட்டுவதற்கு. பனிக்காலத்தில் பகலிலும் மங்கலாக இருக்கும் வடநாடுகளில் பிறந்த வழக்கம் இது. சுவீடன் 1977-இல் பகலிலும் விளக்கெரிய வேண்டும் என்று சட்டம் செய்தது. கனடா 1989 டிசம்பர் முதல் புது வண்டிகளிலும், ஐரோப்பிய நாடுகள் 2011 பிப்ரவரி முதல் புதிய கார் மாடல்களிலும் இதைக் கட்டாயமாக்கின.

நம் நாட்டில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் என்ஜின் ஓடினாலே முன் விளக்கு எரிய வேண்டும் என்றானது. அந்த நாளில் எதிரே வரும் ஸ்கூட்டர்காரருக்கெல்லாம் “லைட் எரியுது” என்று கைகாட்டியவர்கள் நாம்! கார்களுக்கு அப்படிக் கட்டாயம் இல்லாவிட்டாலும், பல புது மாடல்களில் டி.ஆர்.எல். சேர்ந்தே வருகிறது.

ஏமாற்றுவது எது?

பழைய கார்களில் விளக்குச் சுவிட்சைப் போட்டால்தான் மீட்டருக்குள் வெளிச்சம் வரும். இருட்டியதும் மீட்டர் தெரியாது. கை தானே சுவிட்சுக்குப் போகும். இன்றைய டிஸ்பிளேயோ சாவி போட்டது முதல் எரிகிறது. சில வண்டிகளில் சென்சார் இருந்து, இருட்டினால் டிஸ்பிளே தானே மங்கி, கண்ணுக்கு இதமாகிவிடுகிறது. ஓட்டுபவர் எல்லா விளக்கும் எரிவதாக நினைத்துக்கொள்கிறார். வேறு சில வண்டிகளில் பார்க்கிங் லைட்டைப் போட்டால்தான் டிஸ்பிளே மங்கும். அவற்றில், இருட்டிலும் டிஸ்பிளே கண்ணைக் கூசினால், சுவிட்ச் போடவில்லை என்று அறியலாம். நம் வண்டி எந்த வகை என்று தெரியாமல் டிஸ்பிளேயை நம்பக் கூடாது.

இந்தக் குழப்பத்தைக் கனடா அரசே உணர்ந்தது. 2021 செப்டம்பர் முதல் அங்கே புது வண்டிகளில் டி.ஆர்.எல். எரியும்போது பின் விளக்கும் எரிய வேண்டும். அல்லது இருட்டினால் எல்லா விளக்கும் தானே எரிய வேண்டும். அல்லது ஓட்டுபவருக்கு உறைக்கும்படி டிஸ்பிளே இருட்டாகவே இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி சூரியன் மறைந்து அரை மணிக்குப் பிறகும், வெளிச்சம் போதாத எந்நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும். மலைப்பாதையில் மரநிழலும் பனிமூட்டமும் அதற்கு முன்பே இருட்டைக் கொண்டுவரும். ஆகவே மாலை ஐந்தரைக்கே சுவிட்சைப் போட்டுவிடுவது நல்லது. ‘ஆட்டோ’ என்ற நிலை உள்ள வண்டியில் அதை எப்போதும் அதிலேயே வைக்கலாம். ஆனால் பகல் மூடுபனியிலும் மழையிலும் அது ஏமாற்றலாம், அப்போது கையால் போடவேண்டும்.

சோதித்துப் பார்க்க மெக்கானிக் வேண்டாம். இன்று கடை சாத்தியதும் காரின் பின்பக்கம் ஷட்டரைப் பார்க்கும்படி நிறுத்தி, சுவிட்ச் போடாமல் என்ஜினை மட்டும் ஓட்டுங்கள். பிரேக்கில் கால் வேண்டாம். ஷட்டரில் சிவப்பு விழுகிறதா என்று கடைப்பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். விழவில்லையானால், நம் காரும் உங்கள் காரும் ஒரே ஜாதிதான்.

புது வண்டி கொடுத்தவர்கள் பாட்டுப் பெட்டியை அரை மணி நேரம் விளக்கினார்கள், இதைச் சொல்லவில்லை. முகம் தெரியாத ஒரு டிரைவர் தம்பி சொன்னார். சேலம் – உளுந்தூர்பேட்டை சாலையில் லாரிகளுக்கு முன்னால் இப்படிப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. பின் விளக்கில்லாத வண்டியைக் கண்டால் நாமும் நிறுத்திச் சொல்லுவோம்.