நடுவயதில் ஒரு நெடுவழி: தருமத்தின் பொருட்டுச் சைக்கிள் பிரயாணம்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் பகுதியிலே, கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறைமுனை ஒன்று உண்டு. அதற்கு லாண்ட்ஸ் எண்ட் என்று பெயர். நிலத்தின் முடிவு என்பது அதன் பொருள். ஸ்காட்லாந்து நிலப்பரப்பின் வடகிழக்குக் கோடியிலே, கெய்த்னெஸ் பகுதியில், ஜான் ஓ கிரோட்ஸ் என்னும் சிற்றூர் உண்டு. இவ்விரண்டிற்கும் இடையே பழைய சாலைவழியாக உள்ள தூரம் சுமார் 874 மைல். 1886-ம் ஆண்டில் ஜார்ஜ் பில்கிங்டன் மில்ஸ் என்னும் வாலிபர், முன்சக்கரம் மிகப் பெரிதாகவும் பின்சக்கரம் மிகச் சிறிதாகவும் அமைந்த அக்காலத்து உயர்ந்த சைக்கிளில் ஏறி, இத்தூரத்தை 5 நாள் 1 மணி 45 நிமிஷத்தில் கடந்தார். டன்லப் என்பார் காற்றடைத்த டயரைச் சைக்கிளுக்குப் பொருத்தியது 1888-ல்தான். ஆகவே, கல்லும் குழியுமான சாலைகளில் வெறும் ரப்பர்ப் பட்டையின் மேலேயே அவ்வாலிபர் சென்றார் என்பதை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

அவ்வகைச் சைக்கிளில் அவர் நாட்டிய அளவை 133 ஆண்டுகள் வரை எவரும் வெல்லவில்லை. 2019-ம் ஆண்டில் வென்றவர் யார் என்று கேட்பீராயின், அவர் இருபது வயதுக் காளையல்லர். ரிச்சர்ட் தோடே என்னும் 55 வயதுப் பள்ளியாசிரியர். அவர் அதே உயர்ந்த சைக்கிளில் 4 நாள் 11 மணி 52 நிமிஷத்தில் அவ்வழியைக் கடந்ததோடு, துன்புறும் குழந்தைகளுக்கு உதவும் ‘சில்ட்ரன் இன் நீட்’ என்னும் தருமத்திற்கு நிதியும் திரட்டினார்.

வாலிப வயதில் ஒருவர் செய்ததை ஐம்பத்தைந்து வயதில் மற்றொருவர் மிஞ்சியது எவ்வாறு? சாலைகள் திருந்தியமை ஒரு காரணம் என்பது மெய்யே. ஆயினும் அது மட்டும் விடையாகாது. நடுவயதினர்க்கு இத்தகைய நெடும்பிரயாணம் கைகூடுவது எதனால், அதற்குத் தம்மை அவர் எவ்வாறு ஆயத்தம் செய்துகொள்ளல் வேண்டும், அதனால் தருமம் விளைவது எங்ஙனம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இப்பிரயாணங்கள் எழுந்த வரலாற்றைச் சிறிது காண்போம். அமெரிக்காவில் பில்லி ஸ்டார் என்பவருடைய அன்னையார் 1974-ம் ஆண்டில், தமது 49-ம் வயதில், மெலனோமா என்னும் தோற்புற்றுநோயால் இறந்தார். 1980-ல் ஸ்டார் தம் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு மாசசூசெட்ஸ் மாகாணத்தின் குறுக்கே சைக்கிளில் சென்றார். அன்று சென்றவர் 36 பேர்; சேர்ந்த தொகை 10,200 டாலர். அதனைப் பாஸ்டன் நகரிலுள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்திற்கு அளித்தனர். ‘பான்-மாஸ் சாலஞ்ச்’ என்று பெயர்பெற்று ஆண்டுதோறும் நடைபெறும் அப்பிரயாணத்தால் திரண்ட மொத்தத் தொகை 2024-ம் ஆண்டில் 100 கோடி டாலரைக் கடந்தது. சிறுதுளி பெருவெள்ளம் என்பது இதனன்றோ! இங்கிலாந்திலும் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்கு 54 மைல் செல்லும் பிரயாணம் ஒன்று உண்டு. இருதய நோய் ஆராய்ச்சிக்குப் பொருளுதவும் ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன்’ என்னும் ஸ்தாபனத்திற்காக அது நடைபெறுகின்றது.

இப்பிரயாணங்களில் நரை கண்ட தலைகள் பல காணப்படுவதில் வியப்பில்லை. இளமையில் மரணம் என்பது பிறர் வீட்டுச் செய்தி. நடுவயதிலோ அது நம் வீட்டு வாயிலில் வந்து நிற்கின்றது. பெற்றோரை அடக்கம் செய்தவரும், உடன்பிறந்தாரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்டவரும், தம் வயதொத்த நண்பரைத் திடீரென்று இழந்தவரும் அவ்வயதினரே. துயரம் வந்தபோது ஒன்றும் செய்ய இயலாமல் கைகட்டி நின்ற ஒருவர்க்கு, பின்னராவது ஏதேனும் செய்தல் வேண்டும் என்னும் வேட்கை எழுகின்றது. சைக்கிள் அதற்கு ஒரு கருவியாகின்றது.

இனி, உடம்பைப்பற்றி நோக்குவோம். முப்பது வயதிற்குமேல், உழைப்பின்றி இருப்போரிடத்தில், பிராணவாயுவை ஏற்றுப் பயன்படுத்தும் ஆற்றல் பத்தாண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் குறைந்துகொண்டு வருகின்றது. இருதயம் அடிக்கக்கூடிய உச்ச வேகமும் ஆண்டுதோறும் சிறிது தாழ்கின்றது. இவை மறுக்கவொண்ணாத உண்மைகள். ஆனால் கிரமமாகத் தேகப்பயிற்சி செய்வோரிடத்தில் இக்குறைவு பெரிதும் மெதுவாகின்றது. மற்றொன்றும் உண்டு. நம் தசைநார்களில் விரைந்து வலிந்து இழுப்பன ஒரு வகை. மெல்ல இழுத்து நெடுநேரம் தாங்குவன மற்றொரு வகை. முதுமையால் முதலில் நலிவன முன்னவையே. ஆதலின் ஐம்பது வயதினர் நூறு கஜ ஓட்டத்தில் இளைஞரிடம் தோற்பது உறுதி. நாள் முழுதும் நிதானமாகச் செல்லும் வேலையிலோ அவ்வளவு பின்தங்குவதில்லை. இயற்கை அவரிடமிருந்து வேகத்தை முதலிற் பறிக்கின்றது; பொறுமையைக் கடைசியில்தான் பறிக்கின்றது.

எனினும், முதற்கடமை வைத்தியரைக் காண்பதே. நெடுநாள் நாற்காலியில் அமர்ந்து காலங்கழித்தவர், இரத்த அழுத்தம், நீரிழிவு, இருதய நோய் ஆகியவை உடையவர், குடும்பத்தில் இளவயதில் இருதய நோயால் இறந்தோரை உடையவர் ஆகியோர் தம்மைச் சோதித்துக் கொள்ளாமல் புறப்படுதல் தைரியமன்று, பேதைமையே. பயிற்சியின்போது நெஞ்சிலே இறுக்கமோ, மயக்கமோ, காரணமற்ற மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே இறங்கி வைத்தியரை நாடுதல் வேண்டும். பிறர் உயிரைக் காக்கப் பொருள் திரட்டுபவர் தம் உயிரைத் துச்சமாக எண்ணுதல் பொருந்துமோ?

அடுத்தது அப்பியாசம். பிரயாணம் நடைபெறுவது பத்துப் பதினைந்து நாளாயினும், அது நிறைவேறுவது அதற்கு முந்திய மாதங்களிலேயே. முதல் வாரத்தில் பத்து மைல் சென்றால் போதும். வாரத்திற்கு மூன்று நாள் சென்று, ஒவ்வொரு வாரமும் முந்திய வாரத்துத் தூரத்திலே பத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டிக்கொண்டு வருதல் நன்று. நான்கு வாரத்திற்கொருமுறை தூரத்தைக் குறைத்து உடம்பை ஆறவிடுதல் அவசியம். ஏனெனில் தசை வலுப்பெறுவது உழைக்கும்போதன்று, உழைப்புக்குப்பின் ஓய்வெடுக்கும்போதே. இளைஞர்க்கு ஓரிரவுத் தூக்கம் போதுமாயின், நடுவயதினர்க்கு இரண்டிரவு வேண்டியிருக்கலாம். இறுதியில், இரண்டு மூன்று நாள் அடுத்தடுத்து ஐம்பது, அறுபது மைல் சென்று பார்த்தல் வேண்டும். ஒருநாள் எண்பது மைல் சென்றவர் பலர். மறுநாட் காலையில் நோகும் உடம்போடு மீண்டும் ஏறி அமர்வதே நெடுவழியின் உண்மையான பரீட்சை.

வண்டி விலையுயர்ந்ததாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. உடம்புக்குப் பொருந்தியிருத்தலே முக்கியம். ஆசனத்தில் அமர்ந்து, பெடல் கீழே தாழ்ந்திருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். பின்னர் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும். இதுவே ஏற்ற உயரம். ஆசனம் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோகும். உடற்பாரம் முழுவதையும் உள்ளங்கையின் மேல் சாய்த்துச் செல்வோர்க்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவதுண்டு. ஆதலின் கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்றவேண்டும். மேடேறுவதற்கு எளிய கியர் அமைந்திருத்தல் இன்றியமையாதது. கனத்த கியரைத் திணறி மிதிப்பதினும், எளிய கியரில் விரைவாக மிதிப்பதே முழங்காலைக் காக்கும்.

உணவைப்பற்றியும் சொல்லவேண்டும். தசையிலும் ஈரலிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து சுமார் 400 முதல் 500 கிராம் அளவினது. இடைவிடாது மிதிப்பவரிடத்தில் இது சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். தீர்ந்தவுடன் கால்கள் ஈயம்போற் கனக்கும், தலை சுழலும், சிறு மேடும் மலையாகத் தோன்றும். ஆகவே பசி எழுமுன்னரே மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உட்கொள்ளல் வேண்டும்; இரண்டு வாழைப்பழத்தில் ஏறக்குறைய இவ்வளவு அடங்கும். நீரும் தாகத்திற்கேற்பப் பருகுதல் வேண்டும். வியர்வையில் உப்பும் போவதால், வெறும் நீரை அளவுமீறிக் குடித்தலும் கேடு விளைக்கும்.

லாண்ட்ஸ் எண்டிலிருந்து புறப்படுவோர் எதிர்கொள்ளும் வழி, மேற்கூறிய அனைத்தையும் சோதிக்கவல்லது. பெரும்பாலோர் தெற்கிலிருந்து வடக்கே செல்கின்றனர். அந்நாட்டில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதே காரணம். எதிர்க்காற்றின் தடை எளிதன்று. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். சாதாரணப் பிரயாணி நாளொன்றுக்கு எழுபது, எண்பது மைலாகச் சென்று 10 முதல் 14 நாளில் இவ்வழியைக் கடக்கின்றார். மலைநாடாகிய ஸ்காட்லாந்தே கடினமென்று புதியவர் எண்ணுவர். ஆனால் முதல் இரண்டு மூன்று நாட்களில் வரும் கார்ன்வாலும் டெவனுமே பலரை வாட்டுவன. அங்கே மேடுகள் உயர்ந்தவையல்ல. குறுகியவை, செங்குத்தானவை, ஒன்றன்பின் ஒன்றாக முடிவின்றி வருபவை. அவற்றைக் கடந்து, செவர்ன் நதியைத் தாண்டி, வேல்ஸ் எல்லையை ஒட்டி வடக்கே சென்றால், ஏறக்குறைய 1,400 அடி உயரமுள்ள ஷாப் மேடு வரும். அதன்பின் ஸ்காட்லாந்தின் ஏரிகளும் மலைகளும்; இன்வெர்னெஸ் நகரைக் கடந்தபின் மரம் அருகிய கெய்த்னெஸ் வெளி; இறுதியிற் கடல்.

முதல் நாளிலே தம் இளமையை நிரூபிக்க எண்ணி விரைபவர் மூன்றாம் நாளில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அமர்வர். மேட்டில் இறங்கி வண்டியைத் தள்ளிச்செல்ல நாணாதவரே பெரும்பாலும் கடலைச் சென்று காண்கின்றனர். இதனால், நடுவயதுப் பிரயாணிக்கு முதற்கருவி சைக்கிளன்று, பணிவே என்பது விளங்கும். சிறிதாகத் தொடங்கும் பணிவு, வைத்தியர் சொற் கேட்கும் பணிவு, வேண்டியபோது நிற்கும் பணிவு: இவையே அவரைக் கொண்டுசெல்வன.

பிறரிடம் கையேந்துவதற்கும் பணிவு வேண்டும். வாழ்நாள் முழுதும் எவரிடமும் கடன் கேளாத ஒருவர், நண்பர்க்கும் அயலார்க்கும், ‘நான் இன்ன தருமத்தின் பொருட்டு இத்தனை மைல் செல்லப்போகின்றேன், இயன்றதைக் கொடுங்கள்’ என்று கடிதம் எழுதுகின்றார். சைக்கிள் மிதிப்பதால் எந்த நோயும் தீர்வதில்லை. ஆனால் வெறும் சொல்லால் கேட்பவர்க்கும், தம் வியர்வையைப் பிணையாக வைத்துக் கேட்பவர்க்கும் வேறுபாடு உண்டு. கேட்கப்படுவோர் அதனை உணர்ந்து கொடுக்கின்றனர். பிரிட்டனில் ‘கிஃப்ட் எய்ட்’ என்னும் முறைப்படி, வருமானவரி செலுத்துவோர் கொடுக்கும் ஒவ்வொரு பவுனுக்கும் தருமஸ்தாபனம் அரசாங்கத்திடமிருந்து மேலும் 25 பென்ஸ் பெறலாம்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுவது நியாயமே. ‘உமது உல்லாசப் பிரயாணத்திற்கு நாங்கள் பணங்கொடுப்பதா?’ என்று கேட்போர் உளர். இதற்கு நேர்மையான விடை அளிக்க இயலாதவர் புறப்படுதல் தகாது. தம் உணவு, தங்குமிடம், ரயில் கட்டணம் முதலியவற்றைத் தம் கைப்பொருளால் ஏற்பதே சிறந்த வழி. சில ஸ்தாபனங்கள் பிரயாணிக்குரிய செலவில் ஒரு பங்கைத் திரட்டிய நிதியிலிருந்து எடுத்துக்கொள்வதுண்டு. அங்ஙனமாயின் அதனைக் கொடுப்போர்க்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். முன்கூறிய பான்-மாஸ் சாலஞ்சில், பிரயாணிகள் திரட்டும் தொகை முழுவதும் புற்றுநோய் நிலையத்திற்கே செல்லும்படி ஏற்பாடு செய்திருக்கின்றனர். கணக்கு சுத்தமாயிருந்தால்தான் அடுத்த ஆண்டும் கதவு திறக்கும்.

மாணவ நண்பர்களே! இக்கட்டுரை உங்கள் தந்தையரின் வயதினரைப்பற்றியதாதலின் உங்களுக்கு வேண்டாததென்று எண்ணாதீர்கள். இன்று உங்கள் கால்கள் தாமே ஓடுகின்றன. அவ்வோட்டத்திற்கு நீங்கள் யாதும் செய்யவில்லை. ஒருநாள் அவை ஓடா. அன்று, உள்ள வலிமையை அளந்து, காத்து, நல்வழியிற் செலவிடும் அறிவே கைகொடுக்கும். இக்கல்லூரியை விட்டு நெடுங்காலமான பழைய மாணவர்கட்கும் ஒரு வார்த்தை. பருவம் கழிந்தது என்று பெருமூச்செறிவதன்முன், பத்து மைலிலே தொடங்கிப் பாருங்கள்.

எல்லாரும் கடைசிவரை சென்று சேர்வரென்று சொல்லுதற்கில்லை. ஷாப் மேட்டிலே உடம்பு இடங்கொடாமல் திரும்பி ரயிலேறுவோரும் உண்டு. அவர் தோற்றாரல்லர். அவர் பெயரால் அன்பர் அளித்த பொருள் ஒரு குழந்தையின் மருந்தாகவோ, ஓர் ஆராய்ச்சியாளரின் ஒருநாள் வேலையாகவோ ஆகக்கூடியதே. அவர் வீடு திரும்பி வண்டியைச் சுவரில் சார்த்தியபின்னும், அவர் தொடங்கிவைத்த சக்கரம் எங்கோ சுழன்றுகொண்டிருக்கும்.