சிறுவன் சுமந்த பை

நம் இல்லங்களில் இரவுக் கதைக்குப் பஞ்சம் வந்துவிட்டது. பாட்டிமார் ஊரில் இருக்கின்றனர். நாமோ அலுவலகம் விட்டுக் களைத்து வருகிறோம். அண்மையில் ஓர் ஆங்கில நூலை மடியில் விரித்து, பிள்ளைகளுக்குத் தமிழிலே சொல்லிப் பார்த்தோம். அமெரிக்க எழுத்தாளர் ரூத் ஸ்டைல்ஸ் கேனட் அம்மையார் 1948இல் வெளியிட்ட ‘என் தந்தையின் டிராகன்’ என்பது அந்நூல்.

எல்மர் என்னும் சிறுவன், மழையில் நனைந்த கிழப் பூனையொன்றை வீட்டுக்கு அழைத்து வந்து பால் வார்க்கிறான். அதற்காகத் தாயிடம் அடியும் வாங்குகிறான். பூனை அவனுக்கு ஒரு துயரச் செய்தியைச் சொல்கிறது. மேகத்திலிருந்து தவறிக் காட்டுத் தீவில் விழுந்த டிராகன் குட்டி ஒன்று அங்கே அடிமைப்பட்டுக் கிடக்கிறதாம். ஆற்றைச் சுற்றிப் போகச் சோம்பிய விலங்குகள், அதன் கழுத்தில் கயிறு கட்டி, ஓடம்போல் தம்மைச் சுமக்க வைத்தன. மஞ்சளும் நீலமுமாய் வரியோடிய மேனி, பொன்னிறச் சிறகு; கோயில் தூணில் உறுமும் யாளியை நினைத்துவிட வேண்டா, இது பரிதாபத்துக்குரிய பிள்ளை!

மீட்கப் புறப்பட்ட எல்மரிடம் வாளும் இல்லை, வேலும் இல்லை. பையில் இருந்தவை சூயிங்கம், குச்சிமிட்டாய், பல்துலக்கி, பற்பசை, சீப்பு, ரிப்பன், பூதக்கண்ணாடி, ரப்பர் வளையம், மடக்குக் கத்தி. விழுங்க வந்த ஏழு புலிகளுக்குச் சூயிங்கம் கொடுத்து, பச்சை நிறமாகும்வரை மென்று நட்டால் மேலும் விளையும் என்கிறான். காண்டாமிருகம் மங்கிய கொம்பைப் பற்பசையால் துலக்குகிறது. சிங்கத்தின் கவலைதான் எம்மை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தது: பிடரி சிக்கலாயிருந்தால், வரவிருக்கும் அம்மா கைச்செலவுப் பணத்தை நிறுத்திவிடுவாளாம்! முதலைகளின் வாலில் குச்சிமிட்டாயைக் கட்டி, அவற்றையே பாலமாக்கி ஆற்றைக் கடந்து, கயிற்றை அறுத்து, குட்டியின் முதுகிலேறிப் பறந்துவிடுகிறான். ஒருவருக்கும் காயமில்லை.

சித்திரங்களை வரைந்தவர் ஆசிரியையின் சிற்றன்னை ரூத் கிறிஸ்மன் கேனட். அனைத்தும் கறுப்பு வெள்ளையே. வரிகளுக்கு வண்ணம் தீட்டும் வேலை பிள்ளைகளின் மனத்துக்கு. தாய் அடிக்கும் இடந்தான் எமக்குச் சற்று உறுத்தியது. நூலாசிரியை நூறு வயது கண்டு 2024இல் மறைந்தார்.

அத்தியாயங்கள் பத்து, இரவுக்கு ஒன்று போதும். இன்னும் வேண்டுமெனில் தொடர்ச்சியாக இரு நூல்களும் உள. கதை சொல்பவர் எல்மரைப் பெயர் சொல்லி அழைப்பது அரிது; ‘என் தந்தை’ என்றே சொல்லிச் செல்கிறார். அதனால் மூன்றாம் இரவே எம் வீட்டுச் சிறியவள் கேட்டாள்: “நீங்க ஊரிலேருந்து வந்தப்போ உங்க பையிலே என்னப்பா இருந்தது?” விளக்கணைக்க அன்று வெகுநேரமாயிற்று.