கடைசிப் பக்கத்தை 39 முறை எழுதினாரா? ஆங்கில எழுத்தாளர்களின் அசத்தல் சங்கதிகள்!

பிரமாதமாக ஆங்கிலம் எழுதுகிறவர்களுக்கு, பேனாவைத் தொட்டதுமே வார்த்தைகள் கொட்டும் என்று நினைக்கிறீர்களா? அவர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் அசந்துபோவீர்கள்!

★ எர்னெஸ்ட் ஹெமிங்வே, 'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் கடைசிப் பக்கத்தை எத்தனை முறை திருத்தி எழுதினார் தெரியுமா? 39 முறை என்று ஒரு பேட்டியில் அவரே சொன்னார். அவர் விட்டுச்சென்ற காகிதங்களைக் குடைந்து பார்த்தால், கிடைத்த முடிவுகள் 47! அத்தனையையும் சேர்த்து 2012-ல் ஒரு பதிப்பே வந்துவிட்டது. இன்னொரு வேடிக்கை: மனிதர் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் எழுதுவார். அன்றைக்கு எத்தனை வார்த்தை தேறியது என்று ஒரு அட்டையில் குறித்தும் வைப்பார். 450, 575, 462, 1,250... நோபல் பரிசு வாங்கியவர் வீட்டில், பால் கணக்கு மாதிரி வார்த்தைக் கணக்கு!

★ கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை! இது டைப்ரைட்டிங் பரீட்சை இல்லை; நாவலாசிரியர் ஆன்டனி ட்ராலப் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதுவார். தினமும் காலை 5.30-க்கு மேஜையில் உட்கார்ந்தாக வேண்டும். எழுப்பிவிடுவதற்காகவே ஒரு வேலைக்காரருக்கு வருடத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம்! பல வருடம் தபால் துறை உத்தியோகத்தையும் பார்த்துக்கொண்டே எழுதியவர் இவர். மொத்தம் எத்தனை நாவல்கள் தெரியுமா? 47!

★ காசு போட்டால்தான் ஓடும் டைப்ரைட்டரைப் பார்த்திருக்கிறீர்களா? லாஸ் ஏஞ்சலஸில் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் அடித்தளத்தில் இருந்தது. அரை மணி நேரத்துக்கு 10 சென்ட். ரே பிராட்பரி காசைப் போட்டுப் போட்டு 9 நாளில் ஒரு கதையை அடித்து முடித்தார். மொத்தச் செலவு 9 டாலர் 80 சென்ட்! பிறகு அதுவே வளர்ந்து 'ஃபாரன்ஹீட் 451' நாவலானது. புத்தகங்களைத் தேடித்தேடி எரிக்கும் உலகத்தைப் பற்றிய கதை. எழுதப்பட்டதோ நூலகத்துக்கு அடியில்!

★ ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் எழுத்து எது? 'இ'. அதைத் தவிர்த்தே 50,000 வார்த்தைக்கு மேல் நாவல் எழுத முடியுமா? எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் எழுதிக் காட்டினார்! பெயர் 'காட்ஸ்பி', வந்த வருடம் 1939. கை தவறிக்கூட அடித்துவிடக் கூடாதே என்று, டைப்ரைட்டரில் அந்த எழுத்தைக் கட்டிப்போட்டே வேலை பார்த்தாராம். 'தி' என்ற சொல்லையே தொடாமல் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள், கஷ்டம் புரியும்! இதில் தமாஷ் என்ன தெரியுமா? அவருடைய பெயரிலேயே 3 'இ'!

★ வெறும் 50 சொற்களில் ஒரு முழுப் புத்தகம்! பதிப்பாளர் பென்னட் செர்ஃப் 50 டாலர் பந்தயம் கட்ட, டாக்டர் சூஸ் அந்த 50 சொற்களையே திருப்பித் திருப்பிப் போட்டு 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' எழுதி ஜெயித்தார். 1960-ல் வந்த அந்தப் புத்தகம் இன்றும் குழந்தைகளின் செல்லம்!

★ 120 அடி நீளத்தில் டைப் அடித்த ஒரு நாவல் பிரதி! தாள் மாற்றுகிற நேரம்கூட வீணாகக் கூடாது என்று, காகிதங்களை ஒட்டி நீளச் சுருளாக்கி டைப்ரைட்டரில் செருகினார் ஜாக் கெரோவாக். 1951-ல் மூன்றே வாரத்தில் 'ஆன் தி ரோடு' தயார்! அச்சில் வந்ததோ 1957-ல். நடுவே பல திருத்தங்கள். அந்தச் சுருள் 2001-ல் ஏலம்போன விலை? 24 லட்சம் டாலருக்கு மேல்!

★ ரோல்ட் டால் தோட்டத்துக் குடிசையில் உட்கார்ந்து எழுதுவார். தினமும் 6 பென்சில் சீவி வைத்த பிறகுதான் வேலை. மஞ்சள் தாள் மட்டுமே பிடிக்கும். பக்கத்து மேஜையில் என்ன இருந்தது தெரியுமா? ஆபரேஷனில் வெட்டியெடுத்த அவருடைய சொந்த இடுப்பு எலும்பின் குமிழ்!

★ நாய் தின்ற நாவல் தெரியுமா? 1936-ல் ஜான் ஸ்டைன்பெக்கின் குட்டிநாய் டோபி, 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' முதல் வரைவில் பாதியைக் குதறிவிட்டது. இரண்டு மாத உழைப்பு போச்சு! தாமஸ் கார்லைல் கதை இன்னும் பரிதாபம். பிரெஞ்சுப் புரட்சி பற்றி எழுதிய முதல் பாகத்தை நண்பர் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் படிக்கக் கொடுத்தார். இருந்தது ஒரே பிரதி. வேண்டாத காகிதம் என்று வேலைக்காரப் பெண் அதைத் தீயில் போட்டுவிட்டார்! ஸ்டைன்பெக்கும் கார்லைலும் என்ன செய்தார்கள்? மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள்!

★ நம்ம ஆர்.கே.நாராயண் மட்டும் லேசுப்பட்டவரா? பதிப்பாளர்கள் வரிசையாகக் கைவிரித்ததும் நொந்துபோய், 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்' பிரதியைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி இங்கிலாந்திலிருந்த நண்பருக்கு எழுதிவிட்டார்! நல்லவேளை, நண்பர் ஆற்றுக்குப் போகவில்லை. எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் போனார். 1935-ல் நாவல் வெளிவந்தது. அதில் வரும் கற்பனை ஊரான மால்குடியும் பிழைத்தது!

★ வேண்டாத வார்த்தையை வெட்டு என்று போதித்த பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க், 1918-ல் போட்ட கையேடு 43 பக்கம்தான். அதே விதியை வகுப்பில் எத்தனை முறை சொல்வாராம் தெரியுமா? மூன்று முறை! அவரிடம் படித்த ஈ.பி.ஒயிட் பிற்பாடு சொன்ன ரகசியம் இது. ஒயிட் விரிவாக்கி 1959-ல் வெளியிட்ட பிறகு, அந்தச் சின்னப் புத்தகம் ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்றுத் தீர்ந்தது!

பென்சில், மஞ்சள் தாள், வாடகை டைப்ரைட்டர்... எல்லாம் மலிவான சாமான்கள்தான், கவனித்தீர்களா? உழைப்புதான் விலை உயர்ந்தது. நீங்களும் கால் மணி நேரம் எழுதிப் பாருங்கள். நாளைக்கு அதை எடுத்துப் படித்து, வேண்டாத 10 வார்த்தையை அடியுங்கள். உங்கள் ஆங்கிலம் மட்டுமல்ல, தமிழும் பளிச்சிடும்!